நாட்டுப்படகுல உக்காந்து நீர்ப்பறவை பாக்குறதும் போட்டோ எடுக்குறதும், மங்களாஜோடி போறவங்களுக்காக

ஏரிக்கரை மேல நின்னு பறவை போட்டோ எடுத்தவங்களுக்கு ஒரு குறை எப்பவும் இருக்கும், பறவை எங்கயோ தூரத்துல இருக்கும், நாம உசரத்துல நின்னு கீழ பாத்து எடுக்குறதால படத்துல பறவைக்குப் பின்னாடி வெறும் தண்ணி தான் தெரியும், அதோட முகம் தெரியாது முதுகு தான் தெரியும். துடுப்பு போட்டோ மூங்கில் கோல் ஊனியோ தள்ளுற சின்ன படகுல உக்காந்தா இந்த ரெண்டு குறையும் போயிடும். நம்ம கண்ணு தண்ணில இருந்து ரெண்டு மூணு அடி உசரத்துல தான் இருக்கும், பறவையோட கண்ணும் கிட்டத்தட்ட அதே மட்டம். அதோட, நிமிர்ந்து நடந்து வர்ற மனுஷனப் பாத்தா பயப்படுற பறவை, தெனமும் மீனவங்க போய்ட்டு வந்துட்டு இருக்குற தாழ்வான படகப் பாத்து அவ்வளவா பயப்படாது. ஆனா இதே படகு தான் தப்பா ஓட்டினா அஞ்சு நிமிஷத்துல ஒரு கூட்டத்தையே கெளப்பி விட்டுடும். அதனால முதல்லயே சொல்லிடுறேன், படகு எடுக்குறது பறவைய விரட்டிப் பிடிக்க இல்ல, அது இரை தேடி வர்ற வழில முன்னாடியே போய் சத்தமில்லாம உக்கார்றதுக்குத்தான். இத மனசுல வச்சுட்டு மத்தத படிங்க.

இந்தியால இதுக்கு நான் முதல்ல சொல்ற இடம் ஒடிசால இருக்குற மங்களாஜோடி. சிலிகா ஏரி தெரியும்ல, 1981ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) இந்தியால இருந்து முதமுதலா சேர்ந்த ரெண்டு இடத்துல ஒண்ணு (இன்னொண்ணு பரத்பூர் கேவலாதேவ்), அந்த சிலிகாவோட வடக்கு ஓரத்துல இருக்குற ஊரு. சிலிகா பொதுவா உப்பும் நல்ல தண்ணியும் கலந்த காயல், ஆனா இந்தப் பக்கம் நல்ல தண்ணி சதுப்பு, நாணலும் சம்பும் கோரையும் மண்டி கெடக்கும், நடுவுல படகு போற அளவுக்கு கால்வாய் கால்வாயா வழி இருக்கும். சென்னைல இருந்து ஹவுரா லைன்ல போற ரயில்ல ஏறி குர்தா ரோடுலயோ புவனேஸ்வர்லயோ எறங்கி தாங்கி வழியா கார்ல போயிடலாம். மோட்டார் படகு சதுப்புக்குள்ள கிடையாது, எல்லாமே அடி தட்டையான மரப்படகு, பின்னாடி ஒருத்தர் நின்னு நீளமான மூங்கில் கோல ஊனி தள்ளுவாரு. இந்த ஊருக்காரங்க பல பேர் ஒரு காலத்துல இதே பறவைங்கள வேட்டையாடி வித்துட்டு இருந்தவங்க, அப்புறம் காட்டுயிர் ஆர்வலர் நந்தகிஷோர் புஜபல் மாதிரி ஆட்கள் திரும்பத் திரும்ப பேசி, மகாவீர் பக்ஷி சுரக்ஷா சமிதின்னு ஊர்லயே ஒரு சங்கம் ஆரம்பிச்சு, வேட்டைக்குப் போனவங்களே காவலுக்கும் வழிகாட்டவும் வந்துட்டாங்க. எந்தப் பறவை எந்த நேரத்துல எந்த கோரைக்குப் பின்னாடி இருக்கும், எவ்வளவு கிட்ட போனா பறக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த புத்தகத்துலயும் கெடைக்காது. படகுல ஏறினதும் அவங்க சொல்றத கேளுங்க, நம்ம பெரிய லென்ஸ வச்சுட்டு நாம டைரக்ஷன் குடுக்குறதுக்கு அங்க வேலையே இல்ல.

எப்ப போறதுன்னா நவம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் வலசை பறவை நெறைய இருக்கும், டிசம்பர் ஜனவரி உச்சம். ஆனா பிப்ரவரி கடைசிக்கு தனி அழகு இருக்கு, கருவால் மூக்கன் எல்லாம் ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி சாம்பல் நிறம் போய் கழுத்துல நெஞ்சுல செங்கல் கலர் ஏற ஆரம்பிக்கும், கூட்டத்துல ஒண்ணு ரெண்டு மட்டும் செவந்து நிக்கிறது படத்துல அப்படி எடுத்துக் குடுக்கும். காலைல முதல் படகு தான் எடுக்கணும். பனி மூட்டம் இருந்தாலும் போங்க, மூட்டத்துல நெடுங்கால் உள்ளான் நிக்கிற படம் வெயில்ல கெடைக்காது. பத்து மணிக்கு மேல தண்ணி மேல கானல் ஓட ஆரம்பிச்சுடும், அப்புறம் எவ்வளவு விலை லென்ஸ் வச்சிருந்தாலும் தூரத்துப் பறவை கொழகொழன்னு தான் வரும், ஃபோகஸ் தப்புன்னு நெனச்சு கேமராவ திட்ட வேணாம். அந்த நேரத்துல திரும்பிடுங்க, சாப்பிட்டு தூங்கிட்டு மூணு மணிக்கு மறுபடி ஏறுங்க. கிழக்குப் பக்கம்ங்கறதால குளிர்காலத்துல அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், நம்ம ஊர் கணக்குல ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும்னு நெனச்சுடாதீங்க.

படகுல எத்தன பேர்ங்கறது ரொம்ப முக்கியம். நாலு பேர் உக்காரலாம்னு சொன்னாலும் போட்டோ எடுக்கணும்னா ரெண்டு பேரோட நிறுத்திக்கோங்க, காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல, ஏன்னா ஒருத்தர் வலது பக்கம் திரும்பும்போது இன்னொருத்தர் லென்ஸ் எதுக்கவே வரும், ஒருத்தர் அசைஞ்சா மத்தவங்க எல்லாருக்கும் ஃப்ரேம் ஆடும். ரெண்டு பேரும் ஒரே பக்கத்த பாத்து எடுக்குற மாதிரி முன்ன பின்ன உக்காருங்க, சைடு சைடா வேணாம். பெஞ்சு பலகை மேல உக்கார்றத விட படகோட அடில ஒரு பாய் இல்லன்னா குஷன் போட்டு சம்மணம் போட்டு உக்காந்தா படகும் நிலையா இருக்கும், கேமராவும் இன்னும் தண்ணி மட்டத்துக்கு எறங்கும். எந்திரிச்சு நிக்கவே கூடாது, படகு கவுறுறது ஒரு பக்கம், அது வரைக்கும் படகோட சேர்ந்த ஒரு உருவமா நம்மள பாத்துட்டு இருந்த பறவைக்கு திடீர்னு ஒரு மனுஷன் தெரிவான், அவ்வளவு தான் எல்லாம் பறந்துடும். லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும், தண்ணி இடுப்பளவு தானேன்னு விட்டுடாதீங்க, அடில சேறு கால இழுக்கும். ட்ரெஸ் மங்கலான பச்சை, காக்கி, பழுப்பு, வெள்ளை சட்டை வேணாம், தொப்பி வேணும்.

இப்ப கிட்ட போறது எப்படின்னு பாப்போம், இதுல தான் எல்லாமே இருக்கு. பறவைய நேரா குறி வச்சு படக விடக்கூடாது. நேரா வர்ற எதையும் அது வேட்டைக்காரனா தான் எடுத்துக்கும். பக்கவாட்டுல கடந்து போற மாதிரி சாய்வா போகணும், கொஞ்ச தூரம் போய் நிக்கணும், அது மறுபடி இரை பொறுக்க ஆரம்பிச்ச அப்புறம் இன்னும் கொஞ்சம். கோல் படகு விளிம்புல தட்டுற டொக் டொக் சத்தம் தண்ணில ரொம்ப தூரம் கேக்கும், கோல மெதுவா எடுத்து மெதுவா எறக்க சொல்லுங்க (பழகின படகுக்காரர் சொல்லாமலே செய்வாரு). காத்து பின்னாடி இருந்து அடிச்சா கோல எடுத்துட்டு படகு தானா மெதந்து போகட்டும், அத விட அமைதியான வழி வேற எதுவும் இல்ல. நிக்க வேண்டிய இடம் வந்ததும் கோல சேத்துல ஆழமா ஊனி படக அதோட சேத்து பிடிச்சுக்க சொல்லுங்க, படகு சுத்தாது, பாதி ஆட்டம் அங்கயே கொறஞ்சுடும்.

எங்க நிக்கிறதுன்னா சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும், முடிஞ்சா காத்தும் முதுகுப் பக்கம் இருந்து அடிக்கணும். பறவை எப்பவும் காத்த எதுத்து தான் கெளம்பும், எறங்கும்போதும் காத்த எதுத்து தான் எறங்கும், அதனால காத்து நமக்குப் பின்னாடி இருந்தா அதோட மூஞ்சி நம்ம பக்கம் இருக்கும். ரெண்டும் ஒண்ணா அமையாத நாள்ல வெளிச்சத்த தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

நாம ரொம்ப கிட்ட வந்துட்டோமான்னு பறவையே சொல்லும். தலைய தூக்கிட்டு இரை எடுக்குறத நிறுத்தும், கழுத்து நீளும், உடம்பு ஒடுங்கி இறகு எல்லாம் உடம்போட ஒட்டிக்கும், நம்மள விட்டு விலகி நடக்க ஆரம்பிக்கும், சிலது கெளம்பறதுக்கு முன்னாடி எச்சம் போடும். முதல் அறிகுறி தெரிஞ்ச உடனே நில்லுங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல அது திரும்ப தலைய குனிஞ்சா சரி, இல்லன்னா பின்னாடி போங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, இங்க தின்னு கொழுப்பு சேத்தா தான் திரும்பிப் போக முடியும், நாம ஒவ்வொரு தடவ கெளப்பி விடும்போதும் அந்த சேமிப்புல கை வைக்கிறோம். பறக்குற படம் வேணும்னு கை தட்டுறவங்க, படகுல தட்டுறவங்க, "பாய் இன்னும் கொஞ்சம் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட"ன்னு படகுக்காரர நச்சரிக்கிறவங்க எல்லாம் இருக்காங்க, தயவு செஞ்சு அந்தக் கூட்டத்துல சேராதீங்க, டிப்ஸ் ஆசை காட்டி அவர அந்த நெருக்கடில தள்ளவும் கூடாது. பறக்குற கூட்டம் வேணுமா, காத்திருங்க, சேத்துப் பூனைப்பருந்து ஒண்ணு தாழ்வா சதுப்பு மேல வரும், அது வந்தா மூக்கனும் வாத்தும் எல்லாம் மொத்தமா எழும்பி ஒரு சுத்து சுத்திட்டு எறங்கும், நீங்க எதுவுமே செய்ய வேண்டாம், கேமரா ரெடியா இருந்தா போதும்.

கேமரா பத்தி. ட்ரைபாட் படகுல பிரயோஜனமே இல்ல, படகோட ஒவ்வொரு ஆட்டத்தையும் அது நேரா கேமராவுக்கு கடத்தும், எடமும் அடைக்கும். ஒரு பீன் பேக் (லென்ஸுக்கு அடில வைக்கிற சின்ன துணிப்பை) காலியா எடுத்துட்டுப் போங்க, ஊருக்குப் போய் அரிசியோ கொண்டக்கடலையோ வாங்கி ரொப்பிக்கலாம், படகு விளிம்புல போட்டு அது மேல லென்ஸ வச்சா கை வலிக்காது. இல்லன்னா முட்டிய மடக்கி முழங்கைய முட்டி மேல ஊனி எடுங்க, நம்ம உடம்பே ஆட்டத்த வாங்கிக்கும். லென்ஸ் 100-400, 150-600, 200-600 இந்த மாதிரி ஜூம் தான் படகுக்கு சரி, ஏன்னா படகு இருக்குற எடத்த நம்ம இஷ்டத்துக்கு அடிக்கு அடி மாத்த முடியாது, மங்களாஜோடில ஒரு பறவை அம்பது மீட்டர்ல இருக்கும், அடுத்தது படகு ஓரத்துலயே கோரைக்குள்ள நிக்கும். ஜூம் இல்லாத 600 ப்ரைம் லென்ஸ் மட்டும் வச்சிருந்தா அந்த ரெண்டாவத தலைய மட்டும் தான் எடுக்க முடியும். லென்ஸ் மாத்துற வேலைய தண்ணி மேல வச்சுக்காதீங்க. சூப்பர் ஜூம் கேமரா வச்சிருக்கவங்களும் தாராளமா போலாம், கிட்ட கெடைக்கிற பறவைக்கு அதுவே போதும்.

செட்டிங்ல ஷட்டர் ஸ்பீடு தான் ராஜா. கரையில சும்மா நிக்கிற கொக்குக்கு 1/500 போதும்னா படகுல 1/1600க்கு கீழ எறங்காதீங்க, பறக்குறதுக்கு 1/2500, 1/3200. லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் ஆன்லயே இருக்கட்டும், ஆனா அது கை நடுக்கத்த தான் கொறைக்கும், படகு மெல்ல திரும்புறதயும் பறவை தலைய வெடுக்குன்னு ஆட்டுறதயும் அதால நிறுத்த முடியாது. அப்பர்ச்சர் எஃப் 6.3ல இருந்து 8க்குள்ள, ஐஎஸ்ஓ ஆட்டோல விட்டு மேல ஒரு லிமிட் வச்சுடுங்க. கொஞ்சம் கிரெயின் வந்தா வீட்டுக்கு வந்து சரி பண்ணிக்கலாம், ஆடின படத்த யாராலயும் சரி பண்ண முடியாது. ஃபோகஸ் கன்டினியுவஸ்ல, கண்ண கண்டுபிடிக்கிற வசதி இருந்தா திறந்த தண்ணில அத நம்பலாம், ஆனா கோரைக்குள்ள இருக்குற குருகு, கானாங்கோழி இதுக்கெல்லாம் முன்னாடி இருக்குற புல்ல தான் அது பிடிக்கும், அப்ப சின்ன ஒத்த பாயின்ட்டுக்கு மாத்திட்டு இடுக்குல கண்ண குறி வைங்க. இந்த ரெண்டுக்கும் மாறுறதுக்கு ஒரு பட்டன செட் பண்ணி வச்சுக்கோங்க, மெனுக்குள்ள போய் தேடுற வரைக்கும் கானாங்கோழி நிக்காது.

எக்ஸ்போஷர்ல தண்ணி நல்லா ஏமாத்தும். கருத்த தண்ணில வெள்ளைக் கொக்கு நின்னா கேமரா வெளிச்சத்த ஏத்தி கொக்க வெறும் வெள்ளத் தாளா ஆக்கிடும், அதுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல மைனஸ் 0.7 இல்லன்னா மைனஸ் 1 வைங்க. அதே தண்ணி வானத்த பிரதிபலிச்சு பளபளன்னு இருக்கும்போது நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, நீர்க்காகம் மாதிரி கருப்பு கருநீலப் பறவை வந்தா எல்லாம் கரியா போயிடும், அதுக்கு ப்ளஸ் பக்கம் ஏத்தணும். வெளிச்சம் ஒரே மாதிரி இருக்குற காலைல வெள்ளைக் கொக்க வச்சு மேனுவல்ல ஒரு தடவ சரி பண்ணிட்டு அப்படியே விட்டுடுறது என் வழக்கம், அப்புறம் பின்னாடி தண்ணி மாறினாலும் நாணல் மாறினாலும் பறவை மேல விழுற வெளிச்சம் அதே தானே. எடுக்குறத ரா (RAW) ஃபைல்ல எடுங்க. படகுல அடிவானம் சாயாம எடுக்குறது கஷ்டம், வியூஃபைண்டர்ல லெவல் கோடு ஆன் பண்ணிடுங்க, தண்ணி சாஞ்ச படம் பாக்க தலை சுத்தும். பறவையோட பிம்பம் தண்ணில தெளிவா விழுந்தா அத வெட்டிடாதீங்க, பறவைக்குக் கீழ எடம் விடுங்க, நெடுங்கால் உள்ளானோட ரோஸ் கலர் கால் தண்ணிக்குள்ள தொடர்ந்து போறது மாதிரி வர்றதுக்காகவே கேமராவ செங்குத்தா திருப்பலாம்.

பறவைக்குப் பறவை பொறுமை வேற. நீலத் தாழைக்கோழி நாணல் தண்ட பிடுங்கி ஒத்தக் கால்ல கை மாதிரி பிடிச்சு உரிச்சுத் திங்கும், அந்த நேரம் வரைக்கும் உக்காந்திருங்க. நீளவால் இலைக்கோழிக்கு குளிர்காலத்துல அந்த நீள வால் இருக்காது, படத்துல பாத்த வால தேடிட்டு பக்கத்துல நிக்கிறத விட்டுடாதீங்க, கழுத்து ஓரத்துல மங்கின மஞ்சள் பட்டையும் பெரிய விரலும் வச்சு கண்டுபிடிங்க. மஞ்சள் குருகு நம்மள பாத்ததும் அலக வானத்த பாத்து தூக்கிட்டு கோரையோட கோரையா நின்னுடும், அது ஓடலைங்கறதுக்காக பயப்படலைன்னு அர்த்தம் இல்ல, நாலு படம் எடுத்துட்டு நகந்துடுங்க. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே எடத்துல அந்தரத்துல நின்னு சிறகடிக்கும், அது தான் பறக்குற படம் பழகிக்க நல்ல பறவை, அது பாயுற வரைக்கும் ஃபோகஸ விடாதீங்க. மீசை ஆலா கால்வாய் மேலயே போய்ட்டு திரும்பி வரும், அதோட பாதைய ரெண்டு தடவ பாத்து வச்சுட்டு மூணாவது தடவ எடுங்க. கோரை உள்ளான் படகுக்கு பக்கத்துலயே சேத்தோட சேறா ஒட்டி இருக்கும், படகுக்காரர் விரல் காட்டின அப்புறமும் நமக்கு கண்ணுல பட நேரமாகும்.

போட்டோ மட்டும் எடுத்துட்டு வராதீங்க, பறவைய நல்லா பாக்கவும் செய்யுங்க. பைனாகுலர் படகுல 8x42 தான் வசதி, 10 மடங்குல ஆட்டமும் பத்து மடங்கு தெரியும். ஏறும்போதே இபேர்ட் (eBird) ஆப்ல, அதாவது பாத்த பறவைங்கள பதிவு பண்ற ஆப்ல, லிஸ்ட் ஆரம்பிச்சுடுங்க, ட்ராக் தானா பதிவாகும், எண்ணிக்கைய சும்மா ஒரு குறி போடாம முடிஞ்ச அளவு எண்ணிப் போடுங்க. பெரிய கூட்டம்னா முதல்ல ஒரு பத்து பறவைய எண்ணி அது எவ்வளவு எடம் பிடிக்குதுன்னு பாத்து அந்த அளவ கூட்டம் முழுக்க நகத்தி கணக்குப் போடணும். கூட்டத்த போட்டோ எடுத்து வச்சுட்டு ரூமுக்கு வந்து எண்ணினா இன்னும் துல்லியம். இந்த எண்ணிக்கை தான் நாளைக்கு இந்த சதுப்பு எப்படி இருக்குன்னு சொல்லப் போகுது.

நம்ம ஊர்ல இதே முறைய பிச்சாவரத்துல பயன்படுத்தலாம், 2022ல அதுவும் ராம்சார் இடம் ஆயிடுச்சு. அங்க மோட்டார் படகும் இருக்கும், துடுப்புப் படகு தான் வேணும்னு கேட்டு வாங்குங்க, காலைல முதல் ஆளா போங்க, கூட்டம் வந்துட்டா சத்தம் தாங்காது. தண்ணி வத்தம்போது சேறு வெளிய தெரியும், உள்ளானும் கொக்கும் அப்ப தான் எறங்கும், அதனால ஓதம் எப்ப ஏறுது எப்ப வத்துதுன்னு முந்தின நாளே விசாரிச்சுட்டுப் போங்க. சுரபுன்னைக் காட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி, ஐஎஸ்ஓ லிமிட்ட ஏத்திக்கோங்க. பழவேற்காட்டுல பூநாரை பாக்க ஆசை எல்லாருக்கும் இருக்கும், ஆனா அங்க 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆள் அதிகமா ஏத்தின படகு கவுந்து 22 பேர் போனாங்க, அத மறக்காதீங்க. அங்க படகுல போறதுக்கு அனுமதி இருக்கா இல்லையான்னு முதல்ல கேளுங்க, இல்லன்னா கரையில இருந்தே பாருங்க. வேடந்தாங்கல், கூந்தன்குளம் மாதிரி கூடு கட்டுற எடத்துக்குள்ள படகு யோசனையே வேணாம், பெரிய பறவை கூட்ட விட்டு எழுந்தா முட்டையும் குஞ்சும் வெயில்லயும் காக்கா வாயிலயும் தான் போகும்.

சொந்தமா கயாக் ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு, ஓட்டுறதும் எடுக்குறதும் ஒரே நேரத்துல ஒரே கையால நடக்காது, முதல்ல கேமரா இல்லாம ரொம்ப நாள் ஓட்டிப் பழகுங்க. துடுப்ப தாழ்வா பிடிச்சு போடுங்க, உசரத் தூக்கினா துடுப்போட தட்டையான முனை வெயில்ல மின்னும், தண்ணி சொட்டும். எடுக்குற நேரத்துல துடுப்பு கயித்தோட கட்டி இருக்கணும், லென்ஸோட சேந்து உடம்பையும் பக்கவாட்டுல சாய்க்கக் கூடாது. தனியா போகவே வேணாம்.

தண்ணிகிட்ட இருந்து கேமராவ காப்பாத்த மேல சுருட்டி மூடுற ட்ரை பேக் ஒண்ணு, உள்ள காஞ்ச துண்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட். எடுக்காத நேரத்துல மடியில வச்சிருக்காம உள்ள போட்டுடுங்க. ஏசி ரூம்ல இருந்து நேரா வெளிய எடுத்தா லென்ஸ்ல ஆவி படியும், அதனால ராத்திரி ஏசிய போடாம தூங்குங்க, இல்லன்னா பேக்க முன்னாடியே வராண்டால வைங்க. உப்புத்தண்ணி காயல்ல போய்ட்டு வந்தா ஈரத் துணில வெளிப்பக்கம் தொடச்சுட்டு அப்புறம் காஞ்ச துணி. கார்டு ரெண்டு வச்சுக்கோங்க, மதியமே லேப்டாப்ல ஏத்திடுங்க.

திரும்பி வந்ததும் எடுத்த படத்துல நல்லதா நாலஞ்ச படகுக்காரருக்கு காட்டுங்க, வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அவர் தள்ளின படகுல இருந்து என்ன வந்துச்சுன்னு அவருக்குத் தெரியணும், அடுத்த தடவ வர்றவங்களுக்கு எந்த கோணத்துல நிறுத்தணும்னு அவர் அதுல இருந்து எடுத்துக்குவாரு. படத்த வெளில போடும்போது ஊர் பேரு போடலாம், ஆனா கூடு இருக்குற எடமோ, பகல்ல பறவை தூங்குற குறிப்பிட்ட மரமோ தெரியுற மாதிரி லொகேஷன் போடாதீங்க, கேமராவும் போனும் படத்துக்குள்ளயே லொகேஷன் எழுதி வைக்கும், அப்லோடு பண்றதுக்கு முன்னாடி அத எடுத்துடுங்க.